சட்டை தோளில் தொங்குகிறதா, வயிற்றில் தொங்குகிறதா?

மீடியம் அளவுச் சட்டை தோளிலும் முதுகிலும் பிடிக்கிறது, லார்ஜ் வாங்கினால் வயிற்றைச் சுற்றிக் கூடாரம்போல் நிற்கிறது, நண்பர்கள் உடம்பை ஒட்டினாற்போல் உடுத்தச் சொல்கிறார்கள், எனக்கோ தொளதொளவென்று இருந்தால்தான் நிம்மதி. அப்படியானால் சரியான அளவு என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாம் அவரவர் விருப்பந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று முறை படித்தபோது, அளவைப் பற்றிய இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. கோளாறு என் உடம்பிலா, சட்டையிலா, என் ரசனையிலா என்பதே அது. நான் 22 ஆண்டுகளாகத் துணி வெட்டுகிறவன். முதல் எட்டு ஆண்டுகள் ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கும் கடையில் கழிந்தன; அதன் பிறகு ஆயத்த ஆடைகளுக்குப் பேட்டர்ன், அதாவது வெட்டு மாதிரி, போடும் வேலை. ஆகவே தனி ஆளுக்கு வெட்டுவது, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு வெட்டுவது என்ற இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், சந்தேகத்துக்கு இடமுள்ளதைச் சந்தேகத்தோடும் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உடம்பை விடுவித்துவிடுவோம். கடையில் தொங்கும் எந்த அளவும் ஒரு மனிதரின் அளவு அல்ல. தொழிற்சாலையில் நடுத்தரமான ஓர் அளவுக்கு ஒரு மாதிரியை வெட்டுவோம். அதை ஒருவருக்கு அணிவித்துப் பார்த்துத் திருத்துவோம். பிறகு அந்த ஒரே மாதிரியைப் படிப்படியாகப் பெருக்கியும் சுருக்கியும் மற்ற அளவுகளை உண்டாக்குவோம். ஓர் அளவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மார்பு 2 முதல் 4 அங்குலம்வரை கூடும், வயிறும் ஏறக்குறைய அதே அளவு கூடும், தோள் மட்டும் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்று கொஞ்சமாகக் கூடும். அதாவது தோள் அகன்றவருக்கு வயிறும் பெரிதாகத்தான் இருக்கும் என்று அட்டவணை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அகன்ற தோளும் ஒடுங்கிய வயிறும் உள்ள நீங்கள் அந்த அட்டவணையின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். இது அரிதான நிலையும் இல்லை. அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்து ஆராய்ந்து, 1952இல் ஓர் அறிக்கை எழுதினார். உயரம், மார்பு, இடுப்பு, கழுத்து, கைநீளம், தொடை என உடை வெட்டுவதற்குத் தேவையான 10 அளவுகளிலும் சராசரிக்கு அருகில் வருபவர் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்த்தபோது ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்கள் ஏற்கெனவே உடல் தகுதி பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஆண்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பெண்களுக்கான அளவுகளின் கதை இதைவிடச் சிக்கலானது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வெளியான பொது அளவுத் தரத்தை நிறுவனங்கள் தத்தம் வசதிக்கு வளைத்துக்கொண்டே வந்தன. கடைசியில் 1983இல் அந்தத் தரமே கைவிடப்பட்டது. இன்று ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 32 என்று எழுதியிருக்கும் பேன்ட்டின் இடுப்பை டேப் வைத்து அளந்தால் 33, 34 என்று வருவது எங்கள் தொழிலில் யாரும் வியக்கிற செய்தி அல்ல. ஆகவே துண்டுச்சீட்டில் உள்ள எழுத்தைத் தேடுவதற்கான அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உடம்பின் அளவும் உடையின் அளவும் வேறு வேறு. மார்புச் சுற்றளவு 38 அங்குலம் உள்ளவருக்குச் சரியாக 38 அங்குலத்தில் சட்டை தைத்தால், அதைப் போட்டுக்கொண்டு அவரால் மூச்சை இழுக்க முடியாது. ஆழமாக மூச்சிழுக்கும்போது மார்பு சுமார் 5 செ.மீ. விரிகிறது, உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழ்ச் சுற்று ஓர் அங்குலமோ அதற்கு மேலோ கூடுகிறது, இரு கைகளையும் முன்னால் நீட்டினால் முதுகின் குறுக்களவு நீள்கிறது. இவற்றுக்காக விடும் கூடுதல் துணியைத்தான் லூஸ் விடுவது என்கிறோம். நெய்த துணியில் உடம்பையொட்டிய சட்டைக்கு மார்பில் சுமார் 4 அங்குலமும், சாதாரணச் சட்டைக்கு 5 அல்லது 6 அங்குலமும், தளர்வான சட்டைக்கு 8 அங்குலமோ அதற்கு மேலோ விடுவது வழக்கம். பின்னல் துணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டீ-ஷர்ட் துணி தானே நீண்டு கொடுக்கும் என்பதால் லூஸே விடாமலும், சில உடைகளில் உடம்பின் அளவைவிடக் குறைத்தும் வெட்டலாம். 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய, ரப்பர்போல் நீண்டு சுருங்கும் ஸ்பாண்டெக்ஸ் இழை 2 விழுக்காடு கலந்தாலே ஜீன்ஸ் துணியின் நடத்தை மாறிவிடுகிறது. ஆக, லூஸ் என்பதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. உடம்பு அசைவதற்காக விட்டே ஆக வேண்டியது ஒன்று. தோற்றத்துக்காகவும் சுகத்துக்காகவும் விடுவது மற்றொன்று. முதல் பகுதியில் விவாதத்துக்கு இடமில்லை, இரண்டாவது முழுக்க உங்களுடையது. உங்கள் நண்பர்கள் பேசுவது இரண்டாவதைப் பற்றி. உங்கள் மீடியம் சட்டை உங்களை வதைப்பது முதலாவதில்.

உடை உடம்பின்மேல் எங்கும் சமமாக உட்காருவதில்லை, சில இடங்களிலிருந்து தொங்குகிறது. மேலுடை தோளிலிருந்தும் கழுத்தடியிலிருந்தும் தொங்குகிறது. கீழுடை இடுப்பிலிருந்து தொங்குகிறது. தொங்கும் இடம் சரியாக இருந்தால் அதற்குக் கீழே எவ்வளவு தளர்வாக விட்டாலும் துணி ஒழுங்காக விழும். அந்த இடம் பிசகினால் கீழே துணியை எவ்வளவு பிடித்துத் தைத்துக் குறைத்தாலும் சரிவராது. ஆகவே சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது வயிற்றைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். கழுத்தோரத்திலிருந்து விரலைத் தோளின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனால், கை தொடங்குவதற்குச் சற்று முன் எலும்பின் முனை ஒன்று தட்டுப்படும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் அந்த முனையை ஒட்டி ஒரு குழி விழும். கை இணைக்கும் தையல் அங்கே இருக்க வேண்டும். அரை அங்குலம் வெளியே போனாலும் பாதகமில்லை. உள்ளே ஏறியிருந்தால், கையை அசைக்கும்போதெல்லாம் சட்டை உங்களோடு சண்டை போடும். வேண்டுமென்றே தோளைக் கீழே இறக்கி வெட்டும் பாணியும் உண்டு; அதில் கைக்குழியும், அதாவது சட்டையில் கை இணையும் திறப்பும், கையின் வடிவமும் அதற்கேற்ப வேறாக வெட்டப்பட்டிருக்கும் என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கழுத்துக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. காலர் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் நெருக்கடியில்லாமல் நுழைந்தால் போதும்.

தோளை அடுத்து நான் பார்ப்பது கைக்குழி. இதைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் உடை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயம் இதுதான், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் ஒருவர், கையைத் தூக்கினால் சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது, அக்குளில் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று புதுச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிடிக்கிறதென்றால் பெரிதாக்க வேண்டியதுதானே என்று, மாஸ்டரைக் கேட்காமலே சட்டைக் கையைப் பிரித்து, கைக்குழியின் அடிப்பகுதியை ஓர் அங்குலம் ஆழமாக வெட்டித் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டார். இப்போது கையைப் பாதி தூக்குவதற்குள்ளேயே சட்டை முழுவதும் மேலேறியது. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் போய், அக்குளுக்குக் கீழே தொங்கிய துணியை இரண்டு விரலால் கொத்தாகப் பிடித்து அக்குள்வரை தூக்கி வைத்துக்கொண்டு, இப்போது கையைத் தூக்குங்கள் ஐயா என்றார். கை போயிற்று, சட்டை அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கைக்குழியின் அடி அக்குளுக்கு அருகில் இருந்தால், கை திரும்பும் மூட்டுக்குப் பக்கத்திலேயே சட்டையும் திரும்புகிறது. அது கீழே இறங்கிவிட்டால், சட்டைக் கையின் உட்பக்கத் தையலுடைய நீளம் குறைந்து, கையைத் தூக்கும்போது தேவைப்படும் நீளத்தை உடல்பகுதித் துணியிடமிருந்து இழுத்துக்கொள்கிறது. வெட்டிய துணி திரும்ப ஒட்டாது என்பதால், மிச்சத் துண்டிலிருந்து சாய்சதுரமாக இரண்டு துண்டு வெட்டி அக்குளில் வைத்துத் தைத்து அந்தச் சட்டையை ஒருவழியாகக் காப்பாற்றினோம். ஆகவே கைக்குழி உயர்ந்து, அக்குளை அழுத்தாமல் அதற்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றால், உடம்பையொட்டிய சட்டையிலும் கை தாராளமாக ஓடும். ஆயத்த ஆடைகளில் பலவற்றில் கைக்குழி இறங்கியிருப்பதற்குக் காரணம், எல்லா உடம்புக்கும் நுழைய வேண்டும் என்பதுதான். நுழைகிறது, ஆனால் அசைய மறுக்கிறது.

சட்டைக் கையின் மேல் வளைவிலும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்த வளைவை உயரமாக வெட்டினால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது ஒரு மடிப்பும் இல்லாமல் அழகாக விழும், தூக்கும்போது தடுக்கும். தாழ்வாக வெட்டினால் தூக்குவதற்கு வசதி, தொங்கவிட்டால் அக்குள் அருகே துணி மடிந்து நிற்கும். கோட்டு முதல் வகை, உடல் உழைப்புக்கான சட்டை இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே உடையில் முழுமையாகத் தருவதாக யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

மற்றக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத் துணியே உதவும், சுருக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். குறுக்காக விறைத்து இழுக்கும் கோடு அகலம் போதவில்லை என்று சொல்கிறது. செங்குத்தாகத் தளர்ந்து விழும் மடிப்பு அகலம் கூடிவிட்டது என்கிறது. குறுக்காகத் தளர்ந்து உட்காரும் மடிப்பு அந்த இடத்தில் நீளம் மிஞ்சியிருப்பதைக் காட்டுகிறது. சாய்வாக ஓடும் கோட்டைப் பின்தொடர்ந்து போனால் அதன் ஒரு முனையில் பெரும்பாலும் குற்றவாளி இருப்பான். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல் கோடுகள் கிளம்பினால் அந்த உயரத்தில் இறுக்கம். காலருக்குப் பின்னால் கீழே குறுக்காக ஒரு மடிப்பு உருண்டு நின்றால், உங்கள் தோள் அந்தச் சட்டை நினைத்ததைவிட நேராக இருக்கிறது. கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகத் துணி வடிந்தால் தோள் சரிந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அப்படி வடிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. என் வலத் தோளே இடத்தோளைவிட ஒரு விரல் அகலம் கீழே. ஆனால் ஒரே சுருக்கத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கும் இடங்களும் உண்டு, அங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்குச் சற்று மேலே, துணி குறுக்காக மடிந்து கிடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பின்வளைவு ஆழமாக இருந்து அங்கே துணியின் நீளம் மிஞ்சியதாலும் அது வரலாம். சட்டையின் கீழ்ச்சுற்று இறுக்கமாக இருந்து, துணி கீழே இறங்க முடியாமல் மேலே தேங்கியதாலும் வரலாம். கடைசிப் பட்டனைக் கழற்றிப் பாருங்கள். மடிப்பு மறைந்தால் இறுக்கம்தான் காரணம், அப்படியே கிடந்தால் நீளம். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிரானது. இறுக்கத்துக்குத் துணியை விட வேண்டும், மிஞ்சிய நீளத்தைப் பிடிக்க வேண்டும்.

பேன்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதே குழப்பம் அங்கே இன்னும் அதிகம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவும் சீட் அளவும் (பின்பக்கம் பருத்த இடத்தின் சுற்றளவு) ஒன்றாக உள்ள இரண்டு பேருக்கு ஒரே பேன்ட் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் முன்னிடுப்பில் தொடங்கிக் கால்களுக்கிடையே போய்ப் பின்னிடுப்புவரை வரும் நீளம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உட்காரும்போது பின்பக்கம் கீழிறங்கி உள்ளாடை தெரிந்தால் பின் உயரம் போதவில்லை என்று பொருள். அதற்காக இடுப்பில் ஓர் அளவு கூட்டி வாங்குவதால் அந்த உயரம் வேண்டிய அளவுக்குக் கூடுவதில்லை, இடுப்புதான் கழன்று விழும். பக்கவாட்டுப் பாக்கெட் வாய் திறந்து நின்றால் சீட் இறுக்கம். முன்பக்கம் கவட்டிலிருந்து பூனை மீசைபோல் கோடுகள் இரு பக்கமும் ஓடினால் தொடையிலோ கவட்டிலோ துணி குறைவு. பின்பக்கம் சீட்டுக்குக் கீழே துணி தொங்கி மடிந்தால் அங்கே மிச்சம். பேன்ட்டை நின்று மட்டும் பார்த்து வாங்குவது பாதிச் சோதனை. உட்கார்ந்து, எழுந்து, ஒரு காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துப் பாருங்கள். கீழே எத்தனை மடிப்பு விழ வேண்டும் என்பது ரசனை, அதில் நான் தலையிட மாட்டேன்.

இனி உங்கள் சட்டைக்கு வருவோம். மீடியத்தைப் போட்டுக்கொண்டு தோள் தையல் எலும்பு முனைக்கு உள்ளே ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஏறியிருந்தால் மீடியத்தை மறந்துவிட்டு, தோள் சரியாக உட்காரும் லார்ஜை வாங்கி, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். தோள் தையல் சரியான இடத்தில் இருந்தும் முதுகு மட்டும் பிடித்தால் கதை வேறு. தோள்கள் சற்று முன்னோக்கி வளைந்திருக்கலாம், அல்லது முதுகுத் தசை அகன்றிருக்கலாம். அப்போது தோளை ஒட்டிக் குறுக்காக வரும் முதுகுப் பட்டிக்குக் கீழே நடுவிலோ இரு ஓரங்களிலோ மடிப்பு வைத்த சட்டையைத் தேடுங்கள், நீட்டும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். லார்ஜைப் பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத் தையல்களில் மொத்தம் 3 அங்குலம்வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் சட்டைப் பை அக்குளை நோக்கி நகர்ந்துவிட்டதுபோல் தெரியும். இன்னும் குறைக்க வேண்டுமானால் முதுகில் இரண்டு நீண்ட டாட், அதாவது முனை ஒடுங்க மடித்துத் தைக்கும் பிடிப்பு, போடலாம். கை நீளத்தைக் கஃப்பைப் பிரித்துக் குறைக்கலாம். காலர் சுற்றளவையும் தோளையும் குறைப்பது ஏறக்குறைய சட்டையைப் புதிதாகத் தைப்பதற்குச் சமம். கைக்குழியை உயர்த்துவதற்கோ, வெட்டும்போதே போய்விட்ட துணி வேண்டும். பெரிதாக்குவது இன்னும் கடினம். ஆயத்தச் சட்டையின் தையலுக்குள் விட்டிருக்கும் துணி பெரும்பாலும் ஒரு செ.மீ.தான், அதையும் மடித்துத் தைத்திருப்பார்கள். குறைப்பதற்கு இடமுண்டு, கூட்டுவதற்கு இல்லை என்பதை மனத்தில் வைத்து வாங்கினால் பாதிப் பிரச்சினை கடையிலேயே முடிந்துவிடும்.

தொளதொளப்பைப் பற்றி நீங்கள் சற்றுக் கூச்சத்தோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது, அதற்குத் தேவையே இல்லை. தளர்வாக வெட்டிய சட்டை வேறு, அளவு தவறிப் பெரிதாகிப்போன சட்டை வேறு. முன்னதில் தோளும் கழுத்தும் கைநீளமும் உங்களுடையவை, உடல் மட்டும் தாராளம். பின்னதில் எல்லாமே இன்னொருவருடையது. உங்கள் விருப்பம் எந்த அளவு என்று தெரிந்துகொள்ள நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. அலமாரியைத் திறந்து, யோசிக்காமல் கை போய் எடுக்கும் சட்டை எதுவோ, சாயம் மங்கியதாக இருந்தாலும் சரி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன்களைப் போட்டு மேசைமேல் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடிவரை டேப்பை இழுக்காமல் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதிலிருந்து உங்கள் மார்புச் சுற்றளவைக் கழித்தால் வருவதுதான் உங்கள் லூஸ். இதையே வயிற்றிலும் செய்யுங்கள். ஒரு பெரியவர் என்னிடம் 12 ஆண்டுகள் தைத்தார். ஒவ்வொரு முறையும் லூஸாக வேண்டும் என்பார், ஒவ்வொரு முறையும் நான் என் ரசனைக்கு ஓர் அங்குலம் குறைத்துத்தான் தைப்பேன், அவரும் பேசாமல் வாங்கிப் போவார். ஒரு நாள் வெளுத்துப்போன பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இதை அள தம்பி என்றார். மார்பில் 9 அங்குலம் லூஸ் இருந்தது. நான் அத்தனை நாளும் லூஸ் என்று நினைத்து விட்டது 6. அவருக்கு வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு ஒன்று இருந்தது, துணி பட்டால் எரியும் என்று அன்றுதான் சொன்னார். லூஸ், டைட் என்ற சொற்கள் ஆளுக்கு ஓர் அளவைக் குறிக்கின்றன. எண்ணாகச் சொல்லிவிட்டால் தையற்காரருக்கும் உங்களுக்கும் நடுவே ரசனைச் சண்டை வராது. காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. துணி தோலில் படுவதே சிலருக்கு எரிச்சல், சிலருக்கு நன்றாகப் பற்றிப் பிடித்தால்தான் உடுத்திய உணர்வே வரும். இரண்டுமே உண்மையான தேவைகள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தோற்றத்தைப் பற்றிய விதிகளுக்கு வரும்போது என் குரல் தாழ்ந்துவிடும். குறுக்குக் கோடு போட்ட உடை பருமனாகக் காட்டும் என்பதை எல்லாரும் கேட்டிருப்போம். ஆனால் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே, குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுங்கியும் தெரிகிறது என்று எழுதிவிட்டார். யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சனும் அவருடைய சக ஆய்வாளரும் 2011இல் உடையணிந்த உருவங்களை வைத்துச் சோதித்தபோதும் குறுக்குக் கோடு பருமனைக் கூட்டவில்லை என்றே கண்டார்கள். இதிலிருந்து குறுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்று எதிர்விதி ஒன்றை உண்டாக்கவும் நான் தயாராக இல்லை, ஏனென்றால் கோட்டின் அகலம், துணி உடம்பின்மேல் வளையும் விதம், உடுத்தியவரின் உருவம் எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. உடம்பைப் பேரிக்காய், ஆப்பிள் என்று பழங்களாகப் பிரித்து இன்னாருக்கு இன்ன உடை என்று சொல்லும் அட்டவணைகளையும் இந்தக் கணக்கிலேயே வைக்கிறேன். தொடங்குவதற்கு ஒரு துணை, அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. சட்டை உடம்போடு ஒட்ட வேண்டுமா விலக வேண்டுமா என்பதும் காலத்தோடு மாறுகிற பேச்சுதான். 1980களில் தோளுக்குள் பஞ்சு வைத்து அகலமாக வெட்டினார்கள், 2000களுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒட்ட வெட்டினார்கள், இப்போது மறுபடி அகலமாகிக்கொண்டு வருகிறது. உங்கள் நண்பர்கள் சொல்வது பத்தாண்டுகளுக்கு முந்தைய கடைக் கண்ணாடியின் கருத்தாகவும் இருக்கலாம்.

என் அறிவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் பெரும்பாலும் சட்டை, பேன்ட், கோட்டு வெட்டியவன். மார்பின் மேட்டைச் சுற்றி வடிவம் கொடுத்து வெட்டும் பெண்களின் உடைகளில் தோள்தான் முதலில் என்ற விதி அப்படியே செல்லும். அக்குளுக்குக் கீழே ஒட்டினாற்போல், மார்பின் மேட்டுக்கு மேலே எடுக்கும் சுற்றளவை வைத்து அளவைத் தேர்ந்து, மேட்டுக்கு வேண்டிய துணியை டாட்டில் கொடுப்பது முறை என்பதும் தெரியும். ஆனால் அந்த டாட் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதில் அதையே நாள் முழுவதும் வெட்டுகிறவரின் கண்ணை நான் நம்புவேன், என் கண்ணை அல்ல. மருத்துவமும் என் துறையல்ல. இருந்தாலும், இறுக்கமான பெல்ட்டோ பேன்ட்டோ இடுப்பு மடிப்பில் நரம்பை அழுத்தி, தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது அல்லது எரிவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. அப்படி இருந்தால் முதலில் உடையைத் தளர்த்துங்கள், போகவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் உங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன். கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது முன்பக்கத்தை. கோளாறுகளில் பாதிக்கு மேல் பின்பக்கத்தில்தான் தெரியும்.

எதைச் செய்தாலும், வாங்கிய சட்டையை ஒரு முறையாவது துவைத்துக் காயவைத்த பிறகு திருத்தக் கொடுங்கள். பருத்தித் துணியைச் சுருங்கவிடாமல் முன்கூட்டியே சுருக்கிவிடும் முறைகள் இருந்தாலும் எல்லாத் துணிக்கும் அது ஒழுங்காகச் செய்யப்படுவதில்லை. 30 அங்குலச் சட்டை வெறும் 3 விழுக்காடு சுருங்கினாலே கிட்டத்தட்ட ஓர் அங்குலம் போய்விடும். துவைத்த பிறகு மீடியம், லார்ஜ் இரண்டு சட்டைகளின் தோளளவையும், மார்பளவையும், உங்களுக்குப் பிடித்த பழைய சட்டையின் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு படமும், கைகளை முன்னால் நீட்டியபடி ஒரு படமும் யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவை கையில் இருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று என்னால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். உங்கள் பக்கத்துத் தையற்காரரால் அதைவிட நன்றாகவே சொல்ல முடியும்.